அம்மம்மாவின் முகத்தை எழுத்துகளால் அமைத்தல்: பைதன் பழகும் தம்பி ஒருவருக்கு விரிவான பதில்

கொட்டாஞ்சேனையில் இருந்து, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கற்ற பைதன் என்ற நிரல்மொழி கைவிட்டுப் போகாமல் இருப்பதற்காக, புகைப்படத்தை எழுத்துக் குறிகளாக மாற்றும் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அம்மம்மா அமர்ந்திருக்கும் படத்தை அதற்குக் கொடுத்தாராம். முகம் மேலும் கீழுமாக இழுபட்டு நீண்டுவிட்டது. நரைத்த தலை கறுப்பாகவும் பின்னால் இருந்த இருட்டு வெளிச்சமாகவும் மாறிவிட்டன. வேறு சில படங்களைக் கொடுத்தால், சுட்டெண் (வரிசையில் ஒரு குறி நிற்கும் இடத்தின் எண்) எல்லைக்கு வெளியே போய்விட்டது என்ற பிழைச் செய்தியோடு செய்நிரல் இடையிலேயே நின்றுவிடுகிறது. இந்த மூன்று குறைகளோடு ஓர் ஆசையையும் சொல்லியிருக்கிறார்: @, # போன்ற குறிகளை விட்டுவிட்டு, தமிழ் எழுத்துகளாலேயே அந்தப் படத்தை அமைக்க முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் செய்நிரலின் வரிகளைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்று. எழுத்துகளை நீங்கள் இன்னும் எழுத்துகளாகவே பார்க்கிறீர்கள். இந்த வேலைக்குள் வந்தபின் எழுத்துக்கு ஒலியும் கிடையாது, பொருளும் கிடையாது. ஒரு சிறிய கட்டத்துக்குள் அது எவ்வளவு மையை இடுகிறது, அந்தக் கட்டம் என்ன வடிவம், அதன் பின்னணி என்ன நிறம் ஆகிய மூன்று கேள்விகள்தான் மிஞ்சும். உங்கள் சுட்டெண் பிழை மையை அளப்பதில் வந்தது, இழுபட்ட முகம் கட்டத்தின் வடிவத்தால் வந்தது, கறுத்த நரை பின்னணியால் வந்தது.

வீட்டில் கிடக்கும் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதிலுள்ள புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே முகம் இருக்காது. பெரிதும் சிறிதுமான புள்ளிகள் மட்டும் இருக்கும். புள்ளி பெருத்த இடம் கருமையாகவும் சிறுத்த இடம் வெளிச்சமாகவும் கண்ணுக்குப் படுகிறது. முகத்தைக் கூட்டிச் சேர்ப்பது பார்ப்பவரின் கண்தான். எழுத்துப் படமும் இதே ஏற்பாடுதான், புள்ளியின் இடத்தில் குறி வந்து நிற்கிறது. தட்டச்சுப் பொறிகளில் குறிகளை அடுக்கிப் படம் செய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. கணினி வழியாக இதைச் செய்து பெயர் பெற்றவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கென் நோல்ட்டனும் லியோன் ஹார்மனும். 1966 இல் ஒரு புகைப்படத்தை வருடி, ஒவ்வொரு சிறு பகுதியின் ஒளிக்கும் ஏற்ற குறியை இட்டுப் பெரிய படமாக அச்சிட்டார்கள். அருகில் நின்றால் குறிகள், தள்ளி நின்றால் உருவம். நம்மிடமும் எழுத்தால் உருவம் அமைக்கும் மரபு உண்டு. சித்திரகவியில் நாகபந்தம், இரதபந்தம் என்று பாட்டின் எழுத்துகளைப் பாம்பாகவும் தேராகவும் அடுக்கினார்கள். ஆனால் அங்கே எழுத்துகள் நிற்கும் இடம்தான் உருவத்தைத் தந்தது. உங்கள் வேலையில் எழுத்துகள் எல்லாம் ஒழுங்கான நிரைகளில் நிற்கும், அவற்றின் கருமை மட்டுமே உருவத்தைத் தரும்.

இனி ஒரே ஒரு படப்புள்ளியைக் கையில் எடுப்போம். பிக்சல் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அந்தப் புள்ளிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அம்மம்மாவின் நெற்றியில் ஓரிடத்தில் அவை 198, 152, 120 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி எடுத்திருக்கிறீர்கள், அது போதாது. நம் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உணர்கிறது. ஆகையால் தொலைக்காட்சித் துறையில் வகுத்த ஒரு நிறைப்படி, சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு என்று எடுத்துக் கூட்டுவது வழக்கம். படங்களைக் கையாள நீங்கள் பயன்படுத்தும் பில்லோ என்ற பைதன் நூலகமும், படத்தைச் சாம்பல் நிறமாக மாற்றச் சொன்னால் இதே நிறைகளைத்தான் கையாளுகிறது. பைதன் 3 இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், அந்த வரியை இப்படியே எழுதலாம்:

சாம்பல் = (சிவப்பு * 299 + பச்சை * 587 + நீலம் * 114) // 1000

நெற்றிப் புள்ளிக்கு 59202, 89224, 13680 என்ற மூன்றும் கூடி 162106 ஆகும். // என்பது மீதியை விட்டுவிட்டு முழுவெண்ணாக வகுக்கும் குறி, ஆகவே ஆயிரத்தால் வகுத்தால் 162. சராசரி எடுத்திருந்தால் 156 வந்திருக்கும். வித்தியாசம் சிறிதாகத் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம். அம்மம்மா கட்டியிருப்பது பச்சைச் சேலை, அதற்குச் சிவப்புக் கரை என்று எழுதியிருந்தீர்கள். தூய பச்சையையும் தூய சிவப்பையும் சராசரியில் போட்டால் இரண்டும் 85 தான். கரை சேலைக்குள் கரைந்து காணாமற்போகும். நிறை வைத்துப் பார்த்தால் பச்சை ஏறக்குறைய 150, சிவப்பு 76. உண்மையான சேலையில் நிறங்கள் இவ்வளவு தூயவையாக இரா, ஆயினும் கரை பிரிந்து தெரிவதும் தெரியாமற்போவதும் இந்த நிறையைப் பொறுத்ததுதான்.

162 என்ற எண் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு குறி வேண்டும். வெறுமையிலிருந்து அடர்த்தி நோக்கிப் போகும் பத்துக் குறிகளின் சரம் ஒன்று பரவலாகப் புழங்குகிறது. அதன் முதற்குறி வெற்றிடம் என்பதைக் கவனியுங்கள்.

சாயல் = " .:-=+*#%@"
எண் = சாம்பல் * 10 // 256
எழுத்து = சாயல்[எண்]

1620 ஐ 256 ஆல் முழுவெண்ணாக வகுத்தால் 6. பைதன் பூச்சியத்தில் இருந்து எண்ணத் தொடங்குவதால் ஆறாம் சுட்டெண்ணில் இருப்பது * என்ற குறி. நெற்றியின் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் வந்து அமர்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் ஒரு முறை, 4 நிரை 4 நிரல் கொண்ட சிறிய அட்டவணை ஒன்றில் 16 எண்களை நீங்களே எழுதி, 16 குறிகளாக மாற்றிப் பாருங்கள். பின்னர் அதே 16 எண்களைச் செய்நிரலுக்குக் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முழுப் படத்தையும் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி பிழை தேடுவதைவிட இது எவ்வளவோ விரைவான வழி. என்னிடம் பழக வந்தவர்களில் இதைச் செய்தவர்கள் ஒரு மாலைப்பொழுதிலேயே வேலையை முடித்தார்கள்.

உங்கள் மூன்றாவது குறைக்கு விடையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 256 ஐப் பத்தாகப் பிரித்தால் 25.6 வருகிறது என்று பார்த்து, நீங்கள் சாம்பல் எண்ணை 25 ஆல் வகுத்திருக்கிறீர்கள். 249 வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும், சுட்டெண் 9 ஐத் தாண்டாது. 250 ஐ 25 ஆல் வகுத்தவுடன் 10 வருகிறது. பத்துக் குறிகள் உள்ள சரத்தில் பத்தாம் சுட்டெண் என்று ஒன்று இல்லை. அம்மம்மாவின் படம் மங்கலான விறாந்தையில் எடுக்கப்பட்டது, அதில் 250 ஐத் தொட்ட புள்ளி ஒன்றுகூட இருந்திருக்காது. காலி முகத்திடலில் எடுத்த படத்தில் வானமும் கடலின் பளபளப்பும் இருக்கின்றன, அங்கே செய்நிரல் விழுந்துவிட்டது. சில படங்களில் மட்டும் பிழை வருவதற்குக் காரணம் இதுவே. உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. சிலர் இதற்கு மருந்தாக, சுட்டெண் 9 ஐ மிஞ்சினால் 9 ஆக்கிவிடு என்று ஒரு நிபந்தனையை எழுதுவார்கள். பிழைச் செய்தி போய்விடும், ஆனால் பங்கீடு கோணலாகிவிடும்: மற்றக் குறிகளுக்குத் தலா 25 மதிப்புகள் கிடைக்க, கடைசிக் குறிக்கு மட்டும் 225 முதல் 255 வரை 31 மதிப்புகள் போய்ச் சேரும். முதலில் பத்தால் பெருக்கிப் பின்னர் 256 ஆல் வகுப்பது எல்லாக் குறிகளுக்கும் 25 அல்லது 26 என்று ஏறக்குறையச் சமமாகப் பங்கிடுகிறது. எல்லையையும் ஒருபோதும் மீறாது. நாளைக்கு 12 குறிகளை வைக்க விரும்பினால் 10 என்ற எண்ணைக் கையால் மாற்றாமல், சரத்தின் நீளத்தைப் பைதனிடமே கேட்டுப் பெருக்குங்கள்.

முகம் நீண்டுபோனதற்கு வருவோம். இப்போதைய தொலைபேசி ஒன்றில் எடுத்த படம் 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் இருந்தால், அதில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. திரையில் 100 குறி அகலத்துக்கு அதைச் சுருக்குகிறீர்கள். விகிதம் கெடாமல் சுருக்கினால் உயரம் 75 ஆக வேண்டும், அப்படித்தான் நீங்களும் சுருக்கியிருக்கிறீர்கள். படப்புள்ளி சதுரம் என்பதால் கணக்கில் தவறு இல்லை. ஆனால் திரையில் ஓர் எழுத்து நிற்கும் கட்டம் சதுரம் அன்று. அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரம் உடையது. ஆகவே 75 நிரைகளை அச்சிட்டால் அவை 150 எழுத்து அகலத்துக்குச் சமமான உயரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உயரத்தைப் பாதியாக்க வேண்டும்:

உயரம் = படஉயரம் * அகலம் // படஅகலம் // 2

இந்த வரி 37 என்று விடை தரும். முழுவெண் வகுத்தலைக் கையாண்டிருப்பதால், தசம எண்ணை அளவாகக் கொடுத்துவிட்டுப் பில்லோவிடம் பிழைச் செய்தி வாங்கும் தொல்லையும் இல்லை. இப்போது ஒவ்வொரு குறியும் ஏறக்குறைய 3240 படப்புள்ளிகளுக்காக நிற்கிறது. இதை மறவாதீர்கள்.

பாதி என்பது ஒரு தோராயம்தான். சரியான விகிதம் எழுத்துருவையும் வரி இடைவெளியையும் பொறுத்து மாறும். 20 நிரல், 10 நிரை கொண்ட # குறிகளின் தொகுதி ஒன்றைத் திரையில் அச்சிட்டு, அடிமட்டத்தை வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதி சரி. அகலம் 9 சென்ரிமீற்றரும் உயரம் 10 சென்ரிமீற்றரும் என்றால், பாதிக்குப் பதிலாக 0.45 ஆல் பெருக்கி, வரும் விடையை முழுவெண் ஆக்கிக்கொள்ள வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்கு முகத்தைவிட வட்டம் நல்லது. கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில், 1857 இல் மணிக்கூட்டுக் கோபுரமாகக் கட்டப்பட்டுப் பின்னர் வெளிச்சவீடாகவும் பணியாற்றிய பழைய கோபுரம் நிற்கிறது. அதன் மணிக்கூட்டின் முகத்தை நேரே நின்று படம் எடுத்துச் செய்நிரலுக்குக் கொடுங்கள். வட்டம் வட்டமாக வந்தால் உங்கள் விகிதம் சரி, முட்டையாக வந்தால் இல்லை. மனித முகம் சற்று நீண்டாலும் நம் மனம் அதை மன்னித்துவிடுகிறது, வட்டத்தை மன்னிப்பதில்லை.

நரைத்த தலை கறுப்பாகிய விடயம் எனக்கும் ஒரு முறை நேர்ந்தது, அது மனத்தை வருத்திய சம்பவம். என் தகப்பனாரின் ஆண்டு நினைவுக்காக அவரது படத்தை இப்படி எழுத்துகளால் அமைத்து, இரவெல்லாம் திரையில் பார்த்துத் திருத்தி, காலையில் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கக் கொடுத்தேன். தாளில் வந்தது புகைப்படச் சுருளின் நெகட்டிவ் போன்ற ஒரு முகம். கடைக்காரர் மீது தவறு இல்லை. என் திரையின் பின்னணி கறுப்பு, எழுத்துகள் வெள்ளை. ஆகையால் அங்கே @ என்ற அடர்ந்த குறி மிகுந்த வெளிச்சத்தைத் தந்தது. தாளின் பின்னணி வெள்ளை, மை கறுப்பு. அதே @ அங்கே மிகுந்த இருட்டைத் தந்தது. உங்களுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். நீங்கள் எடுத்துக்கொண்ட சரம் @ இல் தொடங்கி வெற்றிடத்தில் முடிகிறது, அது வெள்ளைத் தாளுக்காக அடுக்கப்பட்டது. அதைக் கறுப்புத் திரையில் ஓடவிட்டீர்கள். நரைமுடியின் உயர்ந்த எண் வெற்றிடத்தைத் தேர்ந்தது, வெற்றிடத்தின் ஊடே கறுப்புத் திரை தெரிந்தது. சரத்தின் பின்னால் [::-1] என்று சேர்த்தால் அது தலைகீழாகப் புரண்டுவிடும். திரைக்கு ஒரு சரம், தாளுக்கு அதன் புரட்டிய சரம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, எங்கே காட்டப்போகிறீர்கள் என்பதைச் செய்நிரல் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்கும்படி அமைப்பது நல்லது.

இந்த மூன்றையும் திருத்திய பின்னரும் அம்மம்மாவின் முகம் மந்தமாகவே தெரியக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாலை வெயில் சாய்ந்த விறாந்தையில் எடுத்த படத்தில் சாம்பல் எண்கள் 90 க்கும் 170 க்கும் இடையில் மட்டுமே கிடந்தால், கணக்குப்படி சுட்டெண்கள் 3 முதல் 6 வரைதான் போகும். பத்துக் குறிகளில் நான்கு மட்டுமே வேலை செய்யும். எண்களை இழுத்து விரிக்க வேண்டும்: ஒவ்வொன்றிலும் 90 ஐக் கழித்து, 255 ஆல் பெருக்கி, 80 ஆல் வகுத்தால், 90 இருந்த இடத்தில் 0 உம், 170 இருந்த இடத்தில் 255 உம் வந்துவிடும். பில்லோவில் இதற்கென்றே ஆட்டோகான்ட்ராஸ்ட் என்ற செயற்பாடு இருக்கிறது. அதைக் கையாளும்போது இரு முனைகளிலும் ஒரு வீதத்தையோ இரண்டு வீதத்தையோ கழித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், மூலையில் எரியும் ஒரு மின்குமிழின் 255 ஏ மேல் எல்லையாகிவிடும், முகம் விரியாமல் அப்படியே கிடக்கும்.

இதைவிடப் பெரிய ஆதாயம் படத்தை வெட்டுவதில் இருக்கிறது. 4000 புள்ளி அகலப் படத்தில் முகம் 800 புள்ளி என்றால், 100 நிரல்களில் முகத்துக்குக் கிடைப்பவை 20. ஒரு முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண்களின் அகலம் என்பது ஓவியம் கற்பவர்கள் முதலில் படிக்கும் அளவு. அப்படியானால் ஒரு கண்ணுக்குக் கிடைப்பவை நான்கே குறிகள். நான்கு குறிகளில் இமையும் விழியும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பும் எப்படி அடங்கும்? முகத்தைச் சுற்றி 1200 புள்ளி அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு அதே 100 நிரல்களுக்குச் சுருக்கினால் முகத்துக்கு 66, கண்ணுக்கு 13. கதிரையும் விறாந்தைத் தூணும் போய்விடும், ஆனால் அம்மம்மா வந்துவிடுவார். எந்த நுட்பத்தைக் கற்பதற்கு முன்னும் வெட்டிப் பாருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

வழியில் தடுக்கக்கூடிய சில சிறு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தை நிறுவும்போது பில்லோ என்ற பெயரும், செய்நிரலுக்குள் அழைக்கும்போது பில் என்ற பழைய பெயரும் வரும். இது தவறன்று, பழைய நூலகம் ஒன்றிலிருந்து பில்லோ கிளைத்ததன் அடையாளம். அளவை மாற்றும் கட்டளை பழைய படத்தைத் தொடாமல் புதிய படம் ஒன்றைத் திருப்பித் தரும். அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய பாடங்களில் சுருக்கும் முறைக்கு ஆன்டிஎலியாஸ் என்ற பெயர் இருக்கும். 2023 இல் வந்த பில்லோ 10 ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் லான்சோஸ் என்று எழுத வேண்டும். தொலைபேசியில் நிமிர்த்தி எடுத்த படம் சரிந்து படுத்துக்கொண்டு வந்தால், கோப்புக்குள் எக்சிஃப் என்ற குறிப்பில் எழுதப்பட்டிருக்கும் திசையைச் செய்நிரல் படிக்கவில்லை என்று பொருள். அதைப் படித்துப் படத்தைத் திருப்பும் செயற்பாடும் பில்லோவிலேயே உண்டு.

கன்னம் போன்ற மெல்ல மாறும் பரப்புகளில், ஒரே குறி கூட்டமாக நின்று, திடீரென்று அடுத்த குறிக்குத் தாவுவதை நீங்கள் காண்பீர்கள், வயலில் வரப்புத் தெரிவது போல. இதற்கு ஃபிளாய்டும் ஸ்ரைன்பெர்க்கும் 1976 இல் வெளியிட்ட முறை இன்றும் சிறந்தது. ஒரு புள்ளியின் உண்மை எண்ணுக்கும், நீங்கள் தெரிந்த குறி குறிக்கும் எண்ணுக்கும் இடையில் மிஞ்சுவதைத் தூக்கி எறியாமல் பக்கத்தில் உள்ளவர்களுக்குப் பங்கிட வேண்டும்: வலப்பக்கத்துக்கு 16 இல் 7 பங்கு, கீழே இடப்பக்கத்துக்கு 3, நேர் கீழே 5, கீழே வலப்பக்கத்துக்கு 1. பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசை மறக்காமல் அடுத்த தரிப்பிடத்திலாவது தந்துவிடுவது போல, ஒளியின் கணக்கு எங்கும் குறையாமல் கைமாறிச் செல்கிறது. முதல் நாளிலேயே இதை எழுத முயல வேண்டாம். மற்றவை எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பின்னர் எழுதுங்கள்.

இனித் தமிழ் எழுத்துகள். உங்கள் ஆசை எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சரத்தில் தமிழ் எழுத்துகளை வைத்து நேரே அச்சிட்டால் படம் குலைந்துவிடும், அதற்கு இரண்டு காரணங்கள். @ உம் # உம் சமஅகல எழுத்துருவில் ஒரே அகலக் கட்டத்தில் நிற்கின்றன. தமிழில் ர ஒடுங்கியது, ண அகன்றது. நூறு எழுத்துகள் கொண்ட ஒரு நிரையும் அடுத்த நிரையும் வெவ்வேறு இடங்களில் முடியும், நிரல்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நில்லா. இரண்டாவது காரணம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் என்ற குறியீட்டு முறை தமிழைச் சேமிக்கும் விதம். தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று எழுத்து என்று நாம் எண்ணுவதை அது 5 என்று சொல்லும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று அது எண்ணுகிறது. உங்கள் சரத்தில் கி என்ற எழுத்தை வைத்தால், ஒரு சுட்டெண்ணுக்குக் ககரம் மட்டும் வரும், அடுத்ததற்குத் துணையின்றித் தவிக்கும் இகரக் குறி மட்டும் வரும்.

ஆகவே தமிழில் செய்வதற்கு வெளியீட்டையே மாற்ற வேண்டும். எழுத்துகளைத் திரையில் அச்சிடாமல், வெறுமையான ஒரு புதிய படத்தைப் பில்லோவில் உருவாக்கி, அதைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஓர் எழுத்தை வரையுங்கள். கட்டத்தின் அளவை நீங்களே தீர்மானிப்பதால் அகலச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. கட்டத்தைச் சதுரமாக வைத்தால் உயரத்தைப் பாதியாக்கும் தேவையும் இல்லை. எழுத்துகளாக க முதல் ன வரையுள்ள 18 அகர உயிர்மெய்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் யூனிகோட்டில் தனியே ஓர் இடம் உண்டு, கொம்பும் காலும் இல்லாதவை, பைதன் அவற்றை ஒவ்வொன்றாகவே எண்ணும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக் கோப்பு ஒன்றின் இடத்தை மட்டும் செய்நிரலுக்குக் காட்ட வேண்டும்.

அடுத்து அவற்றை மையின் அளவுப்படி வரிசைப்படுத்த வேண்டும். இதை யாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள், நீங்களே அளவிடுங்கள். 40 க்கு 40 அளவான வெள்ளைக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தையும் கறுப்பில் வரைந்து, அந்தக் கட்டத்தின் சராசரிச் சாம்பல் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணின்படி அடுக்குங்கள். ட என்பது ஒரு நிலைக்கோடும் ஒரு படுகோடும் மட்டுமே, அது வெளிச்சத்தின் பக்கம் போய் நிற்கும். சுழிகள் நிறைந்த ண இருட்டின் பக்கம் நிற்கும். இடையில் யார் யாருக்கு அடுத்து என்பதை எழுத்துரு தீர்மானிக்கும், ஊகிக்க முடியாது. @ உம் # உம் கொண்ட சரத்துக்கும் இதே அளவீட்டைச் செய்து பார்த்தால், 70 குறிகள் கொண்ட நீண்ட சரங்கள் ஏன் எதிர்பார்த்த அளவு பயன் தருவதில்லை என்பதும் விளங்கும். உங்கள் எழுத்துருவில் அவற்றுள் பல இடம் மாறி நிற்கும்.

அளந்தவுடன் ஒரு சிக்கல் தெரியும். டகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையிலான தூரம் பெரிதன்று, இரண்டும் மெல்லிய கோடுகளே. முழு இருட்டைத் தரவல்ல எழுத்து தமிழில் இல்லை. இதைத் தீர்க்க எழுத்துருவின் தடிப்பைப் பயன்படுத்துங்கள். அதே 18 எழுத்துகளை மெல்லிய தடிப்பிலும் மிகத் தடித்த தடிப்பிலும் அளந்து, வெறுங் கட்டத்தையும் ஒரு நடுப்புள்ளியையும் சேர்த்தால், வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை போதிய படிகள் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு, அம்மம்மாவின் படத்துக்கு நான் அதைத்தான் விரும்புவேன். மையின் அளவுக்கு எழுத்தைத் தேடாமல், அவர் உங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பாட்டையோ, அவர் கைப்பட எழுதிய கடிதத்தையோ முதலிலிருந்து வரிசையாகக் கட்டங்களில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டத்தின் ஒளிக்கு ஏற்ப எழுத்தின் தடிப்பையும் மையின் நிறத்தையும் மட்டும் மாற்றுங்கள். அருகில் வந்தால் கடிதத்தை வாசிக்கலாம், தள்ளி நின்றால் அவர் முகம் தெரியும். இதற்கு உரையை உயிர்மெய்களாகச் சரியாக வெட்ட வேண்டும். ஓப்பன் தமிழ் என்ற பைதன் நூலகத்தில் அதற்கென்றே ஒரு செயற்பாடு இருக்கிறது. கெ, கொ போன்றவற்றில் கொம்பு இடப்பக்கம் வர வேண்டும் என்பதைப் பில்லோவின் எளிய அமைப்பு அறியாது, கொம்பை எழுத்துக்குப் பின்னால் வரைந்துவிடும். ராக்ம் என்ற துணை நூலகம் உங்கள் கணினியில் இயங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் எழுத்துகள் ஒழுங்காக அமையும்.

முடித்ததைப் பிறருக்குக் கொடுக்கும்போது ஒரு கவனம் தேவை. குறிகளால் அமைத்த படத்தை வேர்ட் கோப்பில் ஒட்டினால் எழுத்துருவைக் கூரியர் நியூ அல்லது கன்சோலாஸ் ஆக்கி, வரிகளுக்கும் பத்திகளுக்கும் இடையில் அந்தச் செயலி தானாகச் சேர்க்கும் இடைவெளியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் மறுபடியும் நீண்டுவிடும். வாட்சப்பில் எழுத்தாகவே அனுப்பினால், தொலைபேசித் திரையின் அகலத்தில் 100 நிரல்கள் அடங்காமல் ஒவ்வொரு நிரையும் மடிந்து விழும், படமாக அனுப்புங்கள். தமிழ் எழுத்துகளால் அமைத்தது ஏற்கெனவே படக் கோப்பு என்பதால் அதற்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. அதை ஏ3 தாளில் அச்செடுத்து, அம்மம்மா அமரும் சாய்மனைக் கதிரைக்கு நேர் எதிரே, விறாந்தையின் மறுகோடிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தூரத்தில் இருந்து பார்த்தால் அவர் கண்ணுக்கு எழுத்துகள் தெரியாது, முகம்தான் தெரியும்.